தளத்துக்குத் தண்ணீர் வார்த்த முத்துராக்கு அம்மையார்

விமான நிலையத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வேலிக்கு உள்ளே தண்ணீர் விடும் வேலையில் இருந்தவர் முத்துராக்கு அம்மையார். புதிதாக வார்த்த காங்கிரீட்டைக் காயவிடக் கூடாது. தூண் என்றால் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தளம் என்றால் வயலைப் போலப் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள், கலவை கொட்டுகிறவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை முடித்து அடுத்த இடத்துக்கு நகர்ந்த பிறகு, ரப்பர் ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மையார் அங்கே வந்து சேர்வார். அந்த வேலைக்குப் பெரிய பேர் இல்லை. சைட்டில் இருந்தவர்கள் அவரையே “தண்ணி ஆத்தா” என்று கூப்பிட்டார்கள்.

அம்மையாருக்கு அது கூலி வேலை மட்டும் அல்ல. பலகையைப் பிரித்ததும் ஈரம் மாறாமல் நிற்கிற தூணைப் பார்த்தால், அவருக்குத் தம் ஊர் அரியநாச்சி அம்மன் நினைவுக்கு வந்துவிடுவாள். முதலில் ஓஸை எடுக்க மாட்டார். ஒரு செப்புக்குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து, “குளிச்சுக்க ஆத்தா” என்று தூணின் மேல் மெல்ல வார்ப்பார். அதற்குப் பிறகுதான் சாக்கு, ஓஸ் எல்லாம்.

அந்தக் குடத்துக்கு ஒரு கதை உண்டு. பனையூரணி என்ற வறண்ட கிராமத்தில், சித்திரைப் பௌர்ணமி அன்று உச்சி வேளையில் அரியநாச்சிக்குத் திருமஞ்சனம் நடக்கும். ஊருணியிலிருந்து முதல் குடம் கொண்டுவரும் உரிமை அம்மையாருடைய கணவர் நாகலிங்கத்தின் வீட்டுக்கு உரியது. நாகலிங்கம் பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். “ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கு முதல் குடம்?” என்று அவருடைய தம்பி வயிரவன் ஊரைக் கூட்டினார். பூசாரி வேளார், சன்னிதியில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு அம்மனிடமே உத்தரவு கேட்டார். வெள்ளைப் பூ வந்தது. உரிமை அம்மையாருக்கே என்று ஆயிற்று. ஆனாலும் ஊர் ஒரு நிபந்தனை வைத்தது. ஒரே ஒரு வருடம் அவர் வராமல் போனாலும் குடம் வயிரவன் வீட்டுக்குப் போய்விடும்.

பிறகு மழை பொய்த்தது. வயலும் போயிற்று. கழுத்தில் நெளிசல் விழுந்த அந்தச் செப்புக்குடத்தை அம்மையார் இடுப்பில் வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தார். தகரக் கொட்டகையில் தங்கினார். வருடம் தவறாமல் சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் ஊருக்குப் போய் முதல் குடத்தைச் சுமந்து கொடுத்துவிட்டுத் திரும்பினார். கணவருடைய பேர் ஊரில் அந்த ஒரு குடத்தில்தான் மிச்சம் இருந்தது.

சைட்டில் கேலி குறைவில்லை. மேற்பார்வையாளர் கோதண்டம் நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

“என்ன ஆத்தா, தூணுக்குக் குளிப்பாட்டியாச்சா? பவுடர் போட்டு விடலையா?”

“உங்களுக்குப் போட்டுவிட ஆள் இருக்காக. இதுக்கு நான்தானே இருக்கேன் சார்” என்பார் அம்மையார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். கோதண்டமும் சிரித்துவிடுவார்.

ஒருமுறை மட்டும் அவர் சிரிக்கவில்லை. அம்மையார் குடத்து நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து ஊற்றியதில், பூசாமல் அப்படியே விட வேண்டிய தூணில் கறை இறங்கிவிட்டது. “இது கோயில் இல்ல, ஏர்போர்ட்டு! இன்னொரு தடவை மஞ்சளைப் பார்த்தேன், கேட்டுக்கு வெளியே நிப்பீங்க” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

அம்மையார் முந்தானையில் முடிந்திருந்த மஞ்சளை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்தார். “தப்புத்தான் சார். கறை படாமக் கும்புடவும் எனக்குத் தெரியும்.” அதன் பிறகு வெறும் தண்ணீர்தான். வார்க்கும் போது கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்.

வேலிக்கு வெளியே டீக்கடையில் டாக்சிக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். புது நிலையம் திறந்தால் பெரிய விமானங்கள் வரும், சவாரி கூடும் என்று அவர்கள் நம்பிக்கை. வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டில் ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள், அதை யாரும் நம்பவில்லை. அம்மையார் டீ குடிக்க வரும்போது அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

“ஆத்தா, எதுவரைக்கும் வந்திருக்கு?”

“மேக்கால வரிசைத் தூணெல்லாம் குளிச்சு முடிஞ்சிருச்சு. மாடித் தளம் இப்பத்தான் பாத்தியில கெடக்கு. பிளேன் வந்து நிக்கிற தரை இன்னும் பெறக்கவே இல்ல.”

“அப்ப தீபாவளிக்குத் தொறக்க மாட்டாங்க, எழுதி வச்சுக்கங்கடா” என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். தூண் எழுந்தது, கூரை ஏறியது, கண்ணாடி வந்தது. எல்லாவற்றையும் அந்த ஊர் அம்மையாருடைய ஈரச் சேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது.

அந்த வருடம் சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. விமானங்கள் வந்து நிற்கிற அந்தத் தரையின் கடைசிப் பகுதியை வார்க்க நாள் குறித்திருந்தார்கள். காலையில் முடிய வேண்டிய வேலை. கலவை லாரி பழுதாகி, பொழுது சாய்ந்த பிறகுதான் முடிந்தது. மறுநாள் சைட்டுக்கு விடுமுறை. ஆட்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

“நீங்க விடியக்காலம் பஸ்ஸுக்குக் கெளம்புங்க ஆத்தா. நம்ம சைட்டுப் பய சங்கிலி வந்து தண்ணி விட்டுக்குவான், சொல்லி வச்சிருக்கேன்” என்றார் கோதண்டம். அம்மையாருடன் கொட்டகையில் இருந்த சகாயமேரியும் தன் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது, “அரியநாச்சி ஆத்தாகிட்ட எனக்காகவும் ஒரு வார்த்த சொல்லுக்கா. எங்க மாதா கோவிச்சுக்க மாட்டாக” என்றாள்.

விடிந்தது. அம்மையார் குளித்து, துவைத்த சேலை உடுத்தி, செப்புக்குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு தளத்தின் ஓரத்தில் நின்றார். சங்கிலி வரவில்லை. கேட்டில் இருந்த காவலாளியிடம் கேட்டார். “அவன் ராத்திரியே திருவிழாவுக்குப் போயிட்டானேம்மா” என்றார் காவலாளி. காவலாளிக்குக் கேட்டை விட்டு நகர அனுமதி இல்லை. கோதண்டமும் போனை எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. கூரை இல்லாத தரை அது. அனல் காற்று வேறு. அம்மையார் குனிந்து தளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலக் காந்தியது. சாக்குகள் ஓரத்தில் காய்ந்து கிடந்தன. இன்று ஒரு நாள் நீர் படாமல் கிடந்தால் தளம் வெடித்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வெளியே சாலையில் அவர் போக வேண்டிய பேருந்து ஆரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அம்மையார் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். திரும்பித் தளத்தைப் பார்த்தார். இந்தப் பேருந்தை விட்டால் உச்சி வேளைக்குள் ஊர் போய்ச் சேர வழியில்லை. போகாவிட்டால் குடம் போய்விடும். குடம் போனால் கணவருடைய பேர் போய்விடும்.

பேருந்து புறப்பட்டுப் போய்விட்டது.

“காந்துற மேனிய விட்டுட்டு எந்தக் குடத்தத் தூக்கிக்கிட்டு உன் முன்னால வந்து நிப்பேன் ஆத்தா?” என்றார் அம்மையார். துணியை அவிழ்த்துக் குடத்தை வெளியே எடுத்தார். சேலையை வரிந்து கட்டினார்.

சாக்குகளை நனைத்து விரித்தார். மண்ணைக் குழைத்துப் பாத்தி கட்டினார். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்று மோட்டாரும் நின்றது. தொட்டியில் தண்ணீர் இருந்தது, ஓஸில் வரவில்லை. அம்மையார் குடத்தால் மொண்டு மொண்டு சுமந்தார். தொட்டிக்கும் தளத்துக்கும் இடையில் நடந்த நடையில் காலெல்லாம் சிமெண்டுப் பால் அப்பிக்கொண்டது. சூரியன் நேர் உச்சிக்கு வந்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் கொட்டு முழங்கும் நேரம். கையில் இருந்த நிறைகுடத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். “முதல் குடம் ஆத்தா” என்று சொல்லித் தளத்தின் மேல் வார்த்தார். அப்போதுதான் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்க நிற்காமல் அடுத்த குடத்துக்கு நடந்தார்.

பொழுது இறங்கும் நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. அம்மையார் கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தார். போன் அடித்தது. வயிரவன்.

இனி முதல் குடம் என் வீட்டுக்குத்தான் என்று சொல்லப்போகிறார் என நினைத்துக்கொண்டே அம்மையார் எடுத்தார்.

“என்ன மதினி, இப்படிப் பண்ணிட்டீக?” என்றார் வயிரவன்.

“கோவிச்சுக்காதீக கொழுந்தனாரே. இங்கிட்டு ஆள் இல்லாமப் போச்சு.”

“ஆள் இல்லாட்டி என்ன? ஒரு வாய் சாப்புட்டுப் போகலாம்ல? எங்க வீட்ல உங்க தங்கச்சி எல போட்டுட்டு வாசலப் பாத்துக்கிட்டே நிக்கிறா. கொடத்த எறக்குனீக, திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்.”

அம்மையாருக்கு முகம் சுருங்கியது. “வர முடியாதவளக் கேலி பண்ணுறது நல்லாவா இருக்கு?”

“யாரு கேலி பண்ணுனது? அண்ணன் கொடம், கழுத்துல நெளிசலு, எனக்குத் தெரியாதா? சேல பூராம் ஈரம். என்னைத் தாண்டித்தான் போனீக. பாத்ததும் எனக்கே மனசு என்னமோ ஆயிருச்சு மதினி. இத்தன வருசமா வீம்பு பண்ணுனதுக்கு மன்னாப்புக் கேக்கத்தான் பின்னாலயே வந்தேன்.”

அம்மையார் திரும்பிப் பார்த்தார். குடம் கொட்டகை மூலையில், கழுத்து நெளிசலோடு, கவிழ்த்து வைத்த இடத்தில் இருந்தது.

போனை வேளார் வாங்கிக்கொண்டார். “தாயி, நான் வேளாரு. சன்னிதிப் படியில ஏறும்போது கால் வச்சியே, அந்தத் தடம் போக மாட்டேங்குது. சாம்ப நெறத்துல ஒட்டிக்கிச்சு. கழுவிப் பாத்துட்டேன், நாரு வச்சுத் தேச்சும் பாத்துட்டேன். சிமிட்டித் தடம் கணக்கா இருக்கு. வேலையில இருந்து நேராவா வந்த?”

“அய்யா, நான் வரவே இல்லைய்யா” என்று மட்டும் சொன்னார் அம்மையார்.

மறுநாள் காலையில் கோதண்டம் பதறிக்கொண்டு ஓடி வந்தார். தளம் குளம் போல நிறைந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. காவலாளி நடந்ததைச் சொன்னார். கோதண்டம் கொட்டகை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். “ஆத்தா, பௌர்ணமிக்கு ஊருக்குப் போகலையா நீங்க?”

“போகலதான் சார்” என்ற அம்மையார், கொஞ்சம் யோசித்து, “ஆனா போயிட்டு வந்திருக்கேனாம்” என்றார்.

கோதண்டத்துக்கு அது விளங்கவில்லை. அம்மையாரும் விளக்கவில்லை. “இப்ப ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரணும் சார்” என்று மட்டும் கேட்டார். “போயிட்டு வாங்க. நான் நின்னு தண்ணி விடுறேன்” என்று கோதண்டம் ஓஸைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மையார் பனையூரணிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே சன்னிதி முன்னால் கூடியிருந்தது. வழி விட்டார்கள். வயிரவன் கை கட்டி நின்றார். படியில் ஒரு சின்னக் கால்தடம், ஐந்து விரலும் பதிந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. உச்சி வேளையில் தன் குளியலுக்குத் தானே தண்ணீர் சுமந்து வந்தவளுடைய பாதம் அது.

“உன் காலை வச்சுப் பாரு தாயி” என்றார் வேளார்.

அம்மையார் அதன் மேல் கால் வைக்கவில்லை. குனிந்து, தளத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, அந்தத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. எழுந்து, செப்புக்குடத்தோடு ஊருணிக்கு நடந்தார். நிறைகுடத்தோடு திரும்பி வந்து, அந்தத் தடத்தின் மேல் மெல்ல வார்த்தார்.

“புதுசாப் போட்டது. காயவிடக் கூடாது” என்றார்.

அன்றிலிருந்து அந்தப் படிக்கு நாளும் தண்ணீர் வார்ப்பது அந்த ஊரில் வழக்கமாயிற்று. விமான நிலையமும் பிறகு திறக்கப்பட்டது. பெரிய பெரிய விமானங்கள் வந்து அந்தத் தரையில் நிற்கின்றன. தூரதேசம் போகிறவர்களும் வெகுநாள் கழித்து ஊர் திரும்புகிறவர்களும் படி இறங்கி அதில் கால் வைக்கிறார்கள். ஒரு கீறல் இல்லை. காந்திய மேனியைக் குளிர வைத்த முத்துராக்கு அம்மையாரின் ஈரப் பாதங்கள், அந்தத் தரையில் நடக்கிற எல்லோரையும் காக்கட்டும்.