இரண்டு தடவை ஓடும் நாடா

சீனாவின் வடகிழக்கு மூலையில், வருஷத்தில் பாதி நாள் பனிக்கு அடியில் கிடக்கும் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி. ஒலிநாடாவும் டேப் ரெக்கார்டரும் புழங்கிய காலம்.

அந்தப் பள்ளியில் குருவுக்கு முப்பத்தோரு வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. வயதைப் பார்த்து யார் குரு என்று முடிவு செய்கிறவர்கள் இங்கேயே ஒரு நிமிஷம் நின்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

சீடரின் பெயர் பான் தேஷெங். கால் நூற்றாண்டு ரஷ்ய மொழி கற்பித்தவர். ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது, இனி ரஷ்ய மொழி கிடையாது, எல்லோருக்கும் ஆங்கிலம்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளும் வேலை காலியாக இருக்கிறது என்றார் தலைமையாசிரியர். பான் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். நிலக்கரி அள்ளியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது.

கற்றுக்கொடுத்தவர் யே நிங். அதே பள்ளியின் ஆங்கில ஆசிரியை. சாயங்காலம் வகுப்புகள் முடிந்ததும் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் நடக்கும். பான் ஆங்கில ஆசிரியராகிவிட்ட பிறகும் அந்த அறைக்குப் போவதை நிறுத்தவில்லை.

அந்த ஊரில் ஆசிரியரை 'லாவ்ஷி' என்று அழைப்பார்கள். ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எல்லோரும் மரியாதைக்குச் சொல்லும் அந்தச் சொல்லை, யே நிங்கிடம் மட்டும் பான் மனதாரச் சொல்வார்.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வுக்கு ஆங்கிலக் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு பானிடம் வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வதைச் சோதிக்க ஒரு பகுதி, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதைச் சோதிக்க ஒரு பகுதி. சாதாரணத் தேர்வு இல்லை. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பிள்ளைகளை முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பிரிப்பார்கள். முதல் பிரிவுக்குத்தான் விடுதியில் இடம்.

பான் குருவிடம் வந்தார்.

"லாவ்ஷி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள்."

"கேட்கும் தேர்வில் ஒவ்வொரு பகுதியையும் நாடாவில் இரண்டு தடவை ஓடவிடுகிறோம். எதற்கு?"

"எதற்கு என்று நினைக்கிறீர்கள்?"

"செல்லம் கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன். வெளியே யார் இரண்டு தடவை சொல்கிறார்கள்? ஒரு தடவை சொல்வார்கள். காது கொடுத்தவன் பிழைத்துக்கொள்வான்."

"வாசிக்கும் தேர்வில் ஒரு வரியை எத்தனை தடவை வாசிக்கலாம்?"

"எத்தனை தடவை வேண்டுமானாலும். தாள் எங்கே ஓடிவிடப் போகிறது?"

"தாளுக்கு அவ்வளவு பொறுமை."

"தாளுக்குப் பொறுமை ஏது, லாவ்ஷி? அது சும்மா கிடக்கிறது."

யே நிங் சிரித்தார். "ஒரு தடவை மட்டும் ஓடும் நாடா ஒன்று செய்து, முதலில் உங்கள் வகுப்பில் ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது அவர் வழக்கம். பானின் காதில் அது சரி என்றே விழுந்தது. நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்ளும் காது எல்லோருக்கும் இருக்கிறது.

வியாழக்கிழமை வகுப்பில் நாடாவை ஓட்டினார்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் லியான். மலைமேல் மரம் வெட்டும் முகாமிலிருந்து வந்த பெண். முகாமுக்குப் பேருந்து கிடையாது, மரம் ஏற்றும் லாரிதான். விடுதி இல்லையென்றால் அவளுக்குப் பள்ளியும் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவாள். பான் தன் சொந்தப் புத்தகம் ஒன்றையே அவளுக்குக் கொடுத்திருந்தார். கப்பலில் சமையல் செய்யும் ஒரு கிழவனின் கதை.

நாடா ஓடியது. மற்ற பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். லியான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். முகம் மட்டும் டேப் ரெக்கார்டர் இருந்த பக்கம் திரும்பியிருந்தது. பகுதி முடிந்ததும் கண்ணைத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது அடுத்த பகுதி.

திகைத்துப் போனாள். எழுதப் பார்த்தாள். எழுதும்போது கேட்க முடியவில்லை, கேட்கும்போது எழுத முடியவில்லை. கடைசியில் வாசிக்கும் பகுதியில் ஒரு தப்புகூட இல்லை. கேட்கும் பகுதி ஏறக்குறைய வெறுந்தாள்.

வகுப்பு முடிந்ததும் பான் அவளைக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவைதான் ஓடும் என்று முதலிலேயே சொன்னேனே."

"சொன்னீர்கள், லாவ்ஷி. ஆனாலும் கை எழவில்லை."

"ஏன்?"

லியான் கொஞ்சம் யோசித்தாள். "எங்கள் முகாமில் ஒலிபெருக்கி உண்டு. பனிப்புயல் வருகிறது, மேலே போகாதீர்கள் என்றெல்லாம் அதில்தான் சொல்வார்கள். எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். முதல் தடவை சொல்லும்போது எல்லோரும் ரம்பத்தை நிறுத்துவார்கள், பக்கத்தில் இருப்பவரை நிறுத்தச் சொல்வார்கள், ஒலிபெருக்கி பக்கம் திரும்புவார்கள். இரண்டாவது தடவைதான் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். நான் அப்படியே பழகிவிட்டேன்."

"இது முகாம் இல்லை, லியான்."

"தெரியும், லாவ்ஷி."

"திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வும் இப்படித்தான் இருக்கும்."

"சரி, லாவ்ஷி."

அழவில்லை. கெஞ்சவில்லை. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு வந்து, கப்பல் சமையல்காரன் புத்தகத்தைப் பானின் மேசைமேல் வைத்தாள்.

"முடித்துவிட்டாயா?"

"பாதிதான் ஆயிற்று. ஊருக்குப் போகும் அவசரத்தில் மறந்துபோய் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே."

பானுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் நியாயஸ்தர். நியாயஸ்தர்கள் தைத்தாலும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் குருவிடம் போனார். யே நிங் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு பீங்கான் குவளைகளை எடுத்துத் தேயிலையைப் போட்டார். பான் உட்காரவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"நல்ல பெண், லாவ்ஷி. மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்காகத் தேர்வை வளைப்பது நியாயமா? ஒரு தடவையில் கேட்டு எழுதிய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? நான் என்ன செய்வது?"

யே நிங் பிளாஸ்கிலிருந்து குவளையில் வெந்நீரை ஊற்றினார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று கொதிகலன் அறைக்கான நிலக்கரியைக் கொட்டத் தொடங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. யே நிங் குவளையிலிருந்து தலையைத் தூக்கிப் பானைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

லாரி ஓய்ந்தது.

என்ன சொன்னீர்கள் என்று கேட்கப் பான் வாயைத் திறந்தார். வெளியே யார் இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று அதே அறையில் பேசிய வாய் அது. மூடிக்கொண்டார். எல்லாம் விளங்கியவர் போலத் தலையை ஆட்டினார்.

"புரிந்தது, லாவ்ஷி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சனிக்கிழமை முழுக்க அந்த உதடுகளை நினைத்துக்கொண்டிருந்தார். 'நியாயத்தை விட்டுவிடாதீர்கள்' என்றிருப்பாரோ? அப்படித்தான் இருக்கும் என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தார். 'உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்றிருந்தால்? சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் என்று சொன்னதாகக்கூட ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தோன்றிவிட்டது. கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, உதடு அப்படி அசைகிறதா என்று பார்த்தார்.

அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே?"

"எப்படிக் கேட்பது?"

"வாயால்."

திங்கட்கிழமை காலை, தேர்வு தொடங்கும் முன், பான் ஆசிரியர் அறைக்கு வந்தார். யே நிங் தனியாக இருந்தார். பான் கோட்டுப் பையிலிருந்து இரண்டு நாடாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு தடவை ஓடுவது ஒன்று, இரண்டு தடவை ஓடுவது ஒன்று. பக்கத்தில் ஒரு புத்தகத்தையும் வைத்தார்.

"புத்தகம் யாருடையது?" என்றார் யே நிங்.

"லியானுடையது."

"உங்களுடையது அல்லவா?"

"முன்பு."

பான் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புது மொழியைக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். அடுத்து வந்த வாக்கியம் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, லாவ்ஷி."

"தெரியும்."

"தெரிந்துமா திரும்பச் சொல்லவில்லை?"

"தலையை ஆட்டினீர்கள். புரிந்தது என்றீர்கள். அதற்குமேல் எப்படிச் சொல்வது?"

பான் தலைகுனிந்து நின்றார். பிறகு, வகுப்பில் எழுந்து நிற்கும் பையனைப் போலக் கேட்டார்.

"தயவுசெய்து இப்போது சொல்லுங்கள்."

யே நிங் எழுந்து குவளையில் தேயிலையைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். ஒரு நாற்காலியை இழுத்துப் பான் பக்கம் போட்டார். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உட்காருங்கள். தேநீர் ஆறிவிடும்."

பான் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இனி சொல்லுங்கள்" என்றார்.

"சொல்லிவிட்டேன்."

"இதையா? அன்றைக்குச் சொன்னது இதைத்தானா?"

"இதையேதான்."

பானுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டு நாளாக அவரை உலுக்கி எடுத்த கோபமும் ஏமாற்றமும் யாரிடமிருந்தும் வரவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அவர் பான் அல்லவா, விட மனமில்லை.

"இவ்வளவு சின்ன விஷயம், லாவ்ஷி. இதற்கு ஒரு தடவை சொன்னால் போதாதா?"

யே நிங் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பனி நிறைந்து கிடந்தது.

"நானும் போதும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் போன பிறகு உங்கள் தேநீரை அங்கேதான் கொட்டினேன், பான் லாவ்ஷி."

பான் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனார். தேநீரைச் சூடாகவே குடித்தார். நாக்கு சுட்டது. ஒரு நாடாவை மேசைமேலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

தேர்வு அறையில் பிள்ளைகள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். சூடேற்றும் குழாய் சுவரோரம் கடகடத்துக்கொண்டிருந்தது. பான் நாடாவைப் போட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை ஓடும்" என்றார்.

மூன்றாவது வரிசையில் லியான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

பான் அந்தத் தலையாட்டலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசை வரைக்கும் நடந்து போய், அவள் பக்கத்தில் நின்று, இன்னொரு தடவை சொன்னார்.