கத்தி படாத போர்நூல்கள்

புத்தகம் வாங்கும் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். வீரகேசரி என்று பேர். கண்ட புத்தகத்தையும் வாங்கமாட்டார். அச்சு யந்திரம் வந்த புதிதில் அடித்த ராஜநீதி, போர்த்தந்திர நூல்கள் மட்டும்தான். ஒரே பிரதிதான் மிச்சம் என்று காதில் விழுந்தால் கடல்தாண்டி ஆள் அனுப்புவார். "தினம் ஒன்று படிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது" என்று சபையில் பெருமை வேறு.

அவற்றுக்குக் காவல் அனந்தப்பர். ‘போர்நூல் கடல்’ என்று பட்டம் வாங்கியவர். யாராவது யோசனை கேட்டால் தாடியைத் தடவிக்கொண்டு, "நூல்கள் இதை இரண்டு விதமாகச் சொல்கின்றன" என்பார். இருபது வருஷமாக அந்த ஒரே வாக்கியத்தில் வண்டி ஓடியது.

ஒருநாள் பக்கத்து ராஜா பின்மலை வழியாக வந்து எல்லைக்கோட்டையைப் பிடித்துவிட்டான். கோட்டையைக் கோட்டைவிட்ட சேனாபதி மல்லப்பர் சபையில் பழியைத் திருப்பிவிட்டார்.

"மகாராஜா, ‘பின்மலை வழியே கோட்டை பிடித்தல்’ என்று உங்கள் புத்தகத்தின் பொருளடக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு வேறு பிரதி கிடையாது. படித்து எதிரிக்குச் சொன்னது இந்தக் கடல்தான்."

"அப்படியானால் கழுமரம்தான்" என்றார் ராஜா.

அனந்தப்பருக்குத் தப்ப ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னால் உயிர் பிழைக்கும், மானம் கப்பலேறும். மானம் போய்வரட்டும் என்று முடிவு செய்தார்.

"அந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் பிரியுங்கள், மகாராஜா."

ராஜா பிரித்தார். பிரியவில்லை. அந்தக் காலத்து அச்சுப் புத்தகம் மடித்த தாளாகவே வரும். பொருளடக்கம் மேலேயே தெரியும்; ஓரத்தைக் கத்தியால் கீறினால்தான் உள்பக்கம் படிக்கமுடியும். இந்த மடிப்பில் கத்தியே பட்டிருக்கவில்லை.

"அடியேன் படித்திருந்தால் கீறியிருப்பேன். இதை மட்டுமல்ல, இருக்கிற முந்நூறில் ஒன்றைக்கூடக் கீறியதில்லை. கடல் என்று பட்டம் கொடுத்தீர்கள். நான் கால்கூட நனைத்ததில்லை."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"முந்நூறிலும் கத்தி படவில்லையா? அப்போது தினமும் நான் படித்தது எதை என்கிறீர்?"

போன கழுமரம் திரும்பி வந்துவிட்டது. அனந்தப்பர் கைகட்டிக்கொண்டார்.

"படித்தால்தானே மகாராஜா, ரகசியம் வெளியே போகும்? இருபது வருஷமாக நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து, நமக்கே தெரியாமல் அல்லவா காப்பாற்றி வந்திருக்கிறோம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோட்டையை மீட்டு வரும்படி மல்லப்பரைப் பின்மலைக்கு விரட்டினார். அனந்தப்பருக்குத் தந்தப்பிடி போட்ட கத்தி ஒன்று பரிசு கிடைத்தது. "இனியாவது கீறிப் படியும்" என்றார் ராஜா.

அனந்தப்பர் அந்தக் கத்தியைப் பட்டுத்துணியில் சுற்றி, புத்தகங்களோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார். நல்ல சாமான், தேய்ந்துவிடக்கூடாது பாருங்கள்.