கருமூக்கியின் பிடி

ஒரு காட்டில், காட்டாறு அறுத்துப்போட்ட ஆழமான பள்ளத்தின் இக்கரையில், குரங்குக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்த குட்டிதான் கூட்டத்துக் குட்டி.

குழந்தைகளே, குரங்கு மரம் விட்டு மரம் தாவும்போது தாய் தன் குட்டியைப் பிடித்துக்கொள்வதில்லை. அவளுக்கு இரண்டு கைகளும் கிளைக்கு வேண்டும். குட்டிதான் தாயின் வயிற்று மயிரை இறுகப் பற்றித் தொங்கிக்கொண்டு போகும்.

செவத்தி என்ற மந்தியின் குட்டி அடைமழையில் குளிர் கண்டு இறந்துபோனது. அதன் சின்ன விரல்கள் பற்றிப் பற்றி இழுத்த இடத்தில் அவளுக்கு மயிர் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் மறுபடி மயிர் முளைக்கத் தொடங்கியபோது அவள் அழுதாள். தாவும்போதெல்லாம் குனிந்து வயிற்றைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒருநாள், காட்டோரம் வண்டியை நிறுத்திய மனிதர்கள் ஒரு சாக்கை வீசிவிட்டுப் போனார்கள். செவத்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கறுத்த மூக்கோடு ஒரு நாய்க்குட்டி. பெட்டைக் குட்டி. பெட்டை என்றால் வீசிவிடலாம் என்று அவர்கள் ஊரில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

குட்டி அவள் மடியைத் தேடிப் பால் குடித்தது. அந்த நிமிடமே செவத்தி தாயாகிவிட்டாள். கருமூக்கி என்று பெயரும் வைத்தாள்.

அதற்குமேல் கூட்டத்தின் அனுமதி வேண்டும். தலைவர் நெடுவாலன் எல்லோரையும்விட உயர்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தார். உயரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வரவேற்புரை நன்றாக வரும்.

"இந்தக் காடு எல்லோருக்கும் சொந்தம்! வந்தவரை வாழவைப்பது நம் பரம்பரைக் குணம்!" என்றார்.

எல்லாக் குரங்குகளும் கிளைகளை உலுக்கி ஆரவாரம் செய்தன.

"ஆனால்," என்றார் நெடுவாலன், "சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! கோடையில் குளம் வற்றியதும் நாம் பள்ளத்தைத் தாண்டி அக்கரைக்குப் போவோம். அதற்குள் இது உன்னைப் பற்றிக்கொள்ளப் பழகட்டும். பழகாவிட்டால் இங்கேயே விட்டுவிட வேண்டும்."

"பழகிவிடும் தலைவரே," என்றாள் செவத்தி.

பழகவில்லை. கருமூக்கியின் பாதங்களில் பற்றும் விரல்கள் இல்லை. வயிற்றில் ஒட்டவைத்தால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. செவத்தி ஒரு கையால் அதை அணைத்து, மற்றக் கையால் நொண்டி நொண்டிக் கிளையேறினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் பழுத்த நாவலைத் தின்று, கொட்டையைத் துப்பியிருப்பார்கள்.

"அடியே செவத்தி, பிள்ளை வளர்க்கிறாயா, பூசணிக்காய் சுமக்கிறாயா?" என்று பக்கத்துக் கிளையிலிருந்து சிரித்தாள் தவிட்டி. அவள் வயிற்றில் அவளுடைய குட்டி, பல்லியைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

செவத்தி அந்தக் குட்டியின் விரல்களையே பார்த்தாள்.

"கண்ணே, ஒரே ஒரு தடவை என்னைப் பிடித்துக்கொள்ளேன்," என்று கருமூக்கியிடம் கெஞ்சினாள். "நான் உனக்கு வேண்டாமா?"

கருமூக்கி ஓடிவந்து அவள் வாலைக் கடித்தது. அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே குறும்பு. உட்கார்ந்தால் கடிக்கும், எழுந்தால் கடிக்கும், அவள் நாலு எட்டு நகர்ந்தால் போதும், ஓடிவந்து கடிக்கும்.

"சீ! பிடி என்றால் கடிக்கிறாயே!" என்று செவத்தி அதன் தலையில் ஓர் அடி போட்டாள். கருமூக்கி வாலை விட்டுவிட்டு, காதுகள் தொங்க, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

கோடை வந்தது. குளம் வற்றியது. கூட்டம் பள்ளத்தின் விளிம்பில் நின்றது.

"செவத்தி, அதைக் கீழே வை," என்றார் நெடுவாலன். "ஒற்றைக் கையால் இதைத் தாண்ட முடியாது."

"அப்படியானால் நான் தாண்டவில்லை."

"ஒரு நாய்க்காகக் கூட்டத்தை விடுகிறாயா?"

"கூட்டம்தான் என் பிள்ளையை விடுகிறது, தலைவரே."

அவர் தாவினார். ஒவ்வொருவராகத் தாவினார்கள். தவிட்டி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் தாவினாள். அக்கரையில் பழம் பறித்துத் தின்னும் சத்தம் இக்கரைக்குக் கேட்டது. தன்னோடு பிறந்து வளர்ந்த குரல்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டபடி செவத்தி நெடுநேரம் நின்றாள்.

பிறகு, எந்தக் குரங்கும் இறங்காத அந்தப் பள்ளத்தில், குட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே சூடான மணல். சிறுத்தையின் கால்தடம். அதைத் தாண்டினால் அக்கரைச் சரிவு, செங்குத்தாக நின்றது. இரண்டு கைகளாலும் வேரைப் பிடித்தால்தான் ஏறலாம்.

"வழி பார்த்துவிட்டு வருகிறேன். இங்கேயே இரு," என்று கருமூக்கியைக் கீழே விட்டுவிட்டு ஏறினாள்.

சற்று ஏறியதும் வாலில் சுருக்கென்றது.

"இப்போதுமா கடி?" என்று கையை ஓங்கித் திரும்பினாள்.

கருமூக்கியின் முன்னங்கால்கள் சரிவைப் பிறாண்டின. பின்னங்கால்கள் வழுக்கி அந்தரத்தில் ஆடின. கண்களை இறுக மூடிக்கொண்டு, செவத்தியின் வால்நுனியை வாயில் கவ்வியிருந்தது.

"விடு கண்ணே, விழுந்துவிடுவாய்!"

கவ்விய வாயோடு கருமூக்கி முனகியது: "விட்டால் நீ போய்விடுவாயே, அம்மா."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தினமும் கடித்தாயே... அதெல்லாம்?"

"கையால் பிடிக்க வரவில்லை, அம்மா."

செவத்தி திரும்பிக்கொண்டு, வேர் வேராகப் பற்றி ஏறினாள். வால் அறுந்துவிடுவதுபோல் வலித்தது. அந்த வலி நின்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எட்டிலும் பயந்தாள். நிற்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மேலே வந்து, முதல் மரத்தின் வேரில் சாய்ந்தாள். தவிட்டி இறங்கிவந்து, இரண்டு நாவற்பழங்களை அவள் முன் வைத்தாள்.

உயரத்திலிருந்து நெடுவாலன் செருமினார். "பற்றியது உண்மைதான். ஆனால் வாயால் பற்றியிருக்கிறது. கையால் என்றுதான் வழக்கம். வயிற்றை என்றுதான் சட்டம். இது வால். இதைப் பற்றிக் கூட்டம் கூடி நன்றாக ஆராய வேண்டும்."

"ஆராயுங்கள், தலைவரே," என்றாள் செவத்தி. "கொஞ்சம் மெதுவாகப் பேசி ஆராயுங்கள். என் மகள் தூங்குகிறாள்."

தூக்கத்திலும் கருமூக்கி வாலை விடவில்லை.

நீதி: வீட்டுக்கு வந்த பிள்ளை தனக்குத் தெரிந்த விதத்தில்தான் நம்மைப் பற்றிக்கொள்ளும், அதற்குத் தேர்வு வைப்பவர் உறவினர் அல்லர்.