வரம்பில்லாத சீட்டுக்கூடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஏரிக்கு நடுவில் நீராழி மண்டபம் ஒன்று கட்டி, அதில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே வெற்றிலை போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் குடிகளுக்கு வரி வரும். ஆனால் நெல்லுக்கும் தறிக்கும் செக்குக்கும் ஏற்கெனவே வரி போட்டாகிவிட்டது. அப்போது கஜானா மந்திரி அபரஞ்சியார் ஒரு யோசனை சொன்னார்.

"மகாராஜா, ஊரில் பணம் வைத்து ஆடுகிற சீட்டுக்கூடங்கள் நடத்த அனுமதி கொடுத்து, அதில் வரி வாங்குவோம். யாரையும் அதட்ட வேண்டியதில்லை. குடிகள் சிரித்துக்கொண்டே வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. இரண்டே வருஷத்தில் ஊரில் பத்தொன்பது கூடங்கள் முளைத்தன. அவற்றில் பதினொன்று அபரஞ்சியாரின் மைத்துனர் பெயரில் இருந்தன. அதைப் பற்றி யாரும் சபையில் பேசவில்லை.

அந்தச் சபையில் வெண்காடன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் பிழைப்பு. ராஜா சிரித்தால் சபையும் சிரிக்கும். அபரஞ்சியார் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார். வருஷக்கணக்கில் கணக்குச் சொல்லியும் தமக்குக் கிடைக்காத முத்துமாலை, ஒரே ஒரு சிலேடைக்காக இவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று அவருக்கு எரிச்சல்.

வெண்காடனுக்கு மாதேவி என்று ஒரே தங்கை. அவள் கணவன் கொண்டையன் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். எவ்வளவு முரட்டுக் குதிரையும் அவன் கழுத்தைத் தடவிக் காதில் ஏதோ முணுமுணுத்தால் பசுவைப் போல் காலைத் தூக்கிக் கொடுக்கும். அப்படிப்பட்டவன் ஒருநாள் சந்தைக்குப் போகிற வழியில் சீட்டுக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். அன்றைக்கு ஜெயித்தான். அதுதான் வினையாயிற்று. அடுத்த ஆறு மாதத்தில் முதலில் காளை போயிற்று, பிறகு வெண்கலப் பாத்திரம், கடைசியில் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கல்லும் போயிற்று.

மாதேவி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அண்ணே, நீ தினமும் ராசாவுக்குப் பக்கத்துல நிக்கிற. இந்த எழவெடுத்த கூடத்தை மூடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. சிரிச்சாரு."

"நீ எதைச் சொன்னாலும் சிரிக்கத்தான் செய்வாரு. உன் வாய் அப்படி."

அவள் அத்தோடு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை ராஜாவின் பட்டத்து யானை அரண்மனை வாசலைத் தாண்டவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நாற்பது பெண்கள் தங்கள் சோற்றுப் பானைகளைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாதேவி. பாகன் அங்குசத்தால் எவ்வளவு குத்தியும் யானை பானைமேல் கால் வைக்க மறுத்தது. ராஜா இறங்கி, பின்வாசல் வழியாக நடந்து போக நேர்ந்தது. வெயிலில் நடந்ததில் அவருக்குப் பெரிய கோபம்.

உடனே சபை கூடியது.

"மூடிவிடலாமா?" என்று ராஜா கேட்டார்.

"மூடினால் மண்டபத்துக்குத் தூண் நிற்காது, மகாராஜா," என்றார் அபரஞ்சியார். "மூடவும் வேண்டாம், வளரவும் விட வேண்டாம். வரம்பு கட்டிவிடுவோம். பெண்கள் பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்."

அப்படியே சட்டம் எழுதினார்கள். இன்றைக்கு எந்தெந்த இடத்தில் கூடம் இருக்கிறதோ அங்கே மட்டும் இருக்கலாம். வேறெங்கும் புதிதாக ஒன்றுகூடத் திறக்கக் கூடாது. ஒரு கூடத்தில் ஆட்டத்துக்காகப் பத்துப் பாய்க்கு மேல் விரிக்கக் கூடாது. சபையில் இருந்த குருக்கள் கேட்டுக்கொண்டதற்காக, கோயிலுக்கு நூறு அடிக்குள் கூடம் இருக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அப்போது ஊரில் இருந்த கூடம் எதுவும் அந்த நூறு அடிக்குள் இல்லாததால் அபரஞ்சியாரும் அதற்குத் தலையாட்டினார்.

"இதை மேற்பார்வை பார்க்க யாரைப் போடலாம்?"

"வெண்காடரைவிடப் பொருத்தமானவர் யார்? அவர் தங்கைதானே முதல் பானையைக் கவிழ்த்தவர்," என்றார் அபரஞ்சியார் இனிக்க இனிக்க. "கூடங்கள் வளர்ந்தால் பொறுப்பு அவருடையது. ஆடி அமாவாசைக்குள் வளர்ச்சியை நிறுத்திக் காட்டாவிட்டால், அவர் ஊரை விட்டுப் போக வேண்டும்."

ராஜா சம்மதித்தார். வெண்காடனுக்கு ஒரு சேவகனைக்கூடக் கொடுக்கவில்லை. சட்டம் எழுதிய ஓலையின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து வெண்காடன் கூடங்களைச் சுற்றிப் பார்க்கப் போனான். அவற்றின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் ஒவ்வொரு கூடமும் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்து உள்ளே புகுந்திருந்தது. சில கூடங்கள் தெருமுனைவரை நீண்டிருந்தன. பாய்களும் பத்துக்கு மேல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாயும் தேர்வடம்போல நீளம். ஒன்றில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது பாயில் கொண்டையன் இருந்தான். மச்சானைப் பார்த்ததும் சீட்டுகளை மடியில் மறைத்துக்கொண்டு சிரித்தான்.

வெண்காடன் சபையில் முறையிட்டான்.

"வாசல் ஒன்றுதானே? அப்படியென்றால் கூடமும் ஒன்றுதான்," என்றார் அபரஞ்சியார். "பாயை எண்ணிப் பார்த்தீரா?"

"எண்ணினேன். பத்து."

"அப்புறம் என்ன? பாயின் நீளத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "வெண்காடா, உன் வித்தையை உனக்கே காட்டிவிட்டார் மந்திரி! சட்டத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றமாட்டேன். முடிந்தால் அந்தச் சட்டத்தைக் கொண்டே அவரை மடக்கு."

வெண்காடன் வாழ்நாளில் முதல்முறையாகச் சிரிப்புக்கு நடுவில் தான் மட்டும் சிரிக்காமல் நின்றான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே தங்கையிடம் போனான். "மாதேவி, அந்த நாப்பது பேரையும் மறுபடி கூப்பிட முடியுமா?"

"எதுக்கு? மறுபடியும் பானையா?"

"பானை வேண்டாம். ஆளுக்கொரு பிடி களிமண்ணும் கொஞ்சம் அருகம்புல்லும் போதும்."

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, பொழுது விடியும்போது, பத்தொன்பது கூடங்களின் வாசலிலும் பத்தொன்பது பிள்ளையார்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பை, தும்பிக்கை, தலையில் அருகம்புல். பெண்கள் சுற்றி நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர் அபரஞ்சியாரின் மைத்துனர். கூட்டத்தைப் பார்த்துக் கோபமாக வந்தவர், பிள்ளையாரைப் பார்த்ததும் தம்மையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று தோப்புக்கரணம் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் தம் கூடத்துக்குள் போக வழியில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஓட்டமாகத் தம் அத்தானிடம் போனார்.

அன்று சபையில் அபரஞ்சியாரின் குரல் கிறீச்சிட்டது. "மகாராஜா, இது அநியாயம்! ஒரு பிடி களிமண் கோயிலாகுமா? கோபுரம் உண்டா, மதில் உண்டா?"

"பிடித்து வைத்தால் பிள்ளையார், மகாராஜா. பிள்ளையார் இருக்கும் இடம் கோயில்," என்றான் வெண்காடன். "போன வருஷம் படையெடுப்புக்குப் புறப்பட்டபோது தாங்கள் ஆற்றங்கரையில் மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தீர்கள். அது வெறும் மஞ்சள்தான் என்று மந்திரியார் சொல்வாரானால், இந்தக் களிமண்ணையும் அவரே வந்து காலால் ஒதுக்கித் தள்ளிவிடட்டும். நான் தடுக்கமாட்டேன்."

ராஜா அபரஞ்சியாரைப் பார்த்தார். அபரஞ்சியார் தம் கால்களைப் பார்த்தார். கால்கள் நகரவில்லை.

"சரி, கோயில்தான்," என்றார் கடைசியில். "கூடங்களை நூறு அடி தள்ளி வைத்துக்கொள்கிறோம்."

"எங்கே தள்ளுவது? இருக்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது என்று தாங்கள்தானே எழுதினீர்கள்? பழைய இடத்தில் கோயில் தடுக்கிறது. புது இடத்தில் தங்கள் கையெழுத்தே தடுக்கிறது."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்றே பத்தொன்பது கூடங்களும் பூட்டப்பட்டன. மாதேவி அன்றைக்குத் தன் வீட்டில் பாயசம் வைத்தாள்.

மறுநாள் ராஜா வெண்காடனை அழைத்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் சாளரத்துக்கு வெளியே மண்டபம் பாதியில் நின்றது.

"உன் புத்தியை மெச்சினேன். சாதாரணப் பரிசு கொடுத்தால் எனக்குத்தான் கேவலம். இந்தா," என்று ஒரு செப்பேட்டை நீட்டினார். "ஆற்றுக்கு அக்கரையில் சீட்டுக்கூடம் நடத்தும் உரிமை உனக்கு. ஊருக்குப் போட்ட சட்டம் அங்கே செல்லாது. உன்னைத் தவிர இந்த நாட்டில் வேறு எவருக்கும் கிடையாது. அந்தக் கூடத்துக்கு எந்த வரம்பும் இல்லை. வரியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடு."

வெண்காடன் செப்பேட்டைப் படித்துப் பார்த்தான். ராஜா பானைகளையும் பார்த்தார், பிள்ளையார்களையும் பார்த்தார்; இந்த மனிதருக்கு எல்லாம் ஒரு வேடிக்கை. மறுத்தால் ராஜகொடையை அவமதித்த குற்றம். மறுத்த மறுகணமே அது அபரஞ்சியாரின் கைக்குப் போகும். குனிந்து வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை கொண்டையன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வெண்காடன் வீட்டுக்கு வந்தான். குளித்து, தலை வாரி, திருமணத்தன்று இருந்ததுபோல் முகம் மலர்ந்திருந்தான்.

"மச்சான்! ஊரெல்லாம் இதே பேச்சுதான். எப்பத் திறக்கிறீங்க? முதல் பாயில எனக்கு ஒரு எடம் வைங்க. சொந்தக்காரன் கூடம்னா கை ராசி வரும்."

"திறக்கமாட்டேன், கொண்டையா."

"சும்மா சொல்றீங்க."

"நான் இருக்கிறவரைக்கும் திறக்கமாட்டேன். பட்டறைக்குப் போ. புதுக் கல்லு நான் வாங்கித் தாரேன்."

கொண்டையன் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சங்கொஞ்சமாக வடிந்தது. பழத்தை வாசற்படியில் வைத்தான். "அப்பச் சரி மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

அன்று மதியம் சபையில் அபரஞ்சியார் எழுந்தார். "ராஜகொடையை வாங்கி மூன்று நாளாகியும் வெண்காடர் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை. கொடையை இகழ்கிறார், மகாராஜா!"

"உண்மையா?" என்றார் ராஜா.

"இகழ்வேனா, மகாராஜா? நேற்றே அக்கரைக்குப் போனேன். கூடம் என்றால் சுவர் வேண்டும். சுவர் வைத்தால் அதுதான் கூடத்தின் வரம்பு. செப்பேட்டிலோ வரம்பே இல்லை என்று தாங்கள் பொறித்துவிட்டீர்கள். எங்கே சுவர் வைத்தாலும் தங்கள் வாக்கு பொய்யாகிறது. என்னால் தங்கள் வாக்கைப் பொய்யாக்க முடியுமா?"

ராஜா சிரிக்கத் தொடங்கினார். தம்மைத்தான் மடக்கிவிட்டான் என்று தெரிந்தும் அவரால் அடக்க முடியவில்லை. விரலிலிருந்த மாணிக்க மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். செப்பேடு வெண்காடனிடமே இருக்கட்டும், கூடத்தை அவன் எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று அனைவரும் கேட்கச் சொன்னார். அபரஞ்சியார் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார் என்பதோடு கதையை முடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. நடந்ததைச் சொல்வதென்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வெண்காடன் மோதிரத்தோடு வெளியே வந்தபோது வாசலில் மாதேவி நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு பக்கத்து நாட்டுக்குப் போற உப்பு வண்டியில ஏறிட்டாரு. அங்க கூடத்துக்கெல்லாம் வரம்பே கெடையாதாம். ஒருநாள் பெருசா ஜெயிச்சுட்டு வந்துருவேன்னு பக்கத்து வீட்டுக்காரி கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எப்போ?"

"நீ சபைக்குப் போன நேரம்."

உள்ளே யாரோ வெண்காடன் சொன்னதைத் திரும்பச் சொல்லிக் காட்டியிருக்க வேண்டும். மறுபடியும் பெரிய சிரிப்பொலி எழுந்து வாசல்வரை வந்தது.

மாதேவி கேட்டாள்: "இன்னிக்கு என்ன சொன்ன அண்ணே, இப்படிச் சிரிக்கிறாங்க?"

வெண்காடன் மோதிரத்தை மடியில் மறைத்துக்கொண்டான்.