பதினாறு முடிச்சு

சடையன் என்ற கரடி தேன் எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டுபோவான். அந்தக் காட்டில் தேனடைதான் காசு. எதற்கும் இத்தனை அடை என்றுதான் விலை சொல்வார்கள்.

பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது சடையனின் நினைப்பு. "அண்ணாச்சி பேரத்துல புலி" என்று யாரோ ஒருநாள் சொல்லிவிட்டார்கள். கரடியாகப் பிறந்து புலிப் பட்டம் வாங்குவது லேசா? அன்றிலிருந்து ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் அரைமணி நேரம் பேசித்தான் வாங்குவான்.

அவனுடைய வண்டிக்கு வயதாகிவிட்டது. ஒரு சக்கரம் கிழக்கே போனால் மற்றது மேற்கே போகும். புதுவண்டி வாங்குவதென்று முடிவானது.

மனைவி சடைச்சி, குகையில் இருந்த நாற்பது அடையை இரண்டாகப் பிரித்து வைத்தாள்.

"இந்த இருபது மழைக்காலத்துக்கு. நாலு மாசம் தேனீ வெளியே வராது, தேனும் கிடைக்காது. குட்டிங்க ரெண்டும் இதை நம்பித்தான் இருக்கு. இதுல மட்டும் கை வைக்கக் கூடாது. அந்த இருபதைக் கொண்டுபோய்ப் பாத்து வாங்குங்க."

"நீ கவலையை விடு. நான் பேசுற பேச்சுல கடைக்காரன் அழுதுடுவான்" என்றான் சடையன்.

மருதமரத்தடியில் வண்டிக்கடை வைத்திருந்தது கண்ணாயிரம் என்ற கீரி. மெல்லிய மீசை, அதைவிட மெல்லிய குரல்.

"வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல இளநி குடிங்க, வியாபாரம் எங்கே போயிடப்போவுது?"

சிவப்புச் சாயம் பூசிய வண்டி ஒன்று சடையனின் கண்ணில் பட்டது. உடனே மனம் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடுமே! முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான். காதுகள் இரண்டும் துள்ளியதை மட்டும் அவனால் மறைக்க முடியவில்லை. கண்ணாயிரம் அதைப் பார்த்துக்கொண்டது.

"முதல்ல பழசுக்கு என்ன தருவே, சொல்லு தம்பி."

கண்ணாயிரம் பழைய வண்டியை ஒரு சுற்று சுற்றியது. சக்கரத்தைத் தட்டி உச்சுக் கொட்டியது. "ரெண்டு அடை. அதுவும் உங்க முகத்துக்காக."

"ரெண்டா? என்னை யாருன்னு நினைச்சே? பன்னெண்டு குடு."

பேச்சு வளர்ந்தது. இளநீர் தீர்ந்தது. கடைசியில் கண்ணாயிரம் தலையில் கை வைத்துக்கொண்டு, "சரி, பத்து. என் வயித்துல அடிக்கிறீங்க அண்ணாச்சி" என்றது. சடையனுக்கு உச்சி குளிர்ந்தது.

"புதுசு எவ்வளவு?"

"நாப்பது."

"முப்பத்தாறுக்கு மேல ஒரு சொட்டுத் தேன் கிடையாது."

"பழசுலயும் போச்சு, புதுசுலயும் போச்சா? சரி, முப்பத்தாறு. பழசுக்குப் பத்து கழிஞ்சா இருபத்தாறு. இப்ப ஆறு குடுங்க போதும். மீதியைப் பௌர்ணமிக்கு நாலு நாலாத் தாங்க."

"நாலெல்லாம் முடியாது. ரெண்டுதான்" என்றான் சடையன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கண்ணாயிரம் வெகுநேரம் வானத்தைப் பார்த்தது. "எங்க வீட்டுல சோறு வேகாது. பரவாயில்ல, ரெண்டு" என்றது.

அந்தக் காட்டில் தவணை ஒப்பந்தம் கொடியில்தான் போடுவார்கள். ஒரு பௌர்ணமிக்கு ஒரு முடிச்சு. அடையைக் கொடுத்ததும் ஒரு முடிச்சை அவிழ்ப்பார்கள். கண்ணாயிரம் மரத்துக்குப் பின்னால் போய் முடிச்சுப் போட்டது. கொடியைச் சுருட்டி, தேக்கிலையில் அல்வாப் பொட்டலம் போல அழகாகக் கட்டிக் கொடுத்தது.

"பிரிக்காதீங்க, கொடி காய்ஞ்சிடும்."

சடையன் பிரிக்கவில்லை. சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, வழியில் பார்த்தவரிடமெல்லாம் மூன்று பேரத்தில் மூன்றும் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டு வீடு வந்தான்.

"இருபது கொண்டுபோனேன். பதினாலு திரும்பி வந்திருக்கு. இந்தா" என்று மனைவி முன் வைத்தான்.

"எத்தனை பௌர்ணமிக்குக் கட்டணும்?"

சடையன் தலையைச் சொறிந்தான். "பௌர்ணமிக்கு ரெண்டுதான். நாலு கேட்டான், நான் விடல."

சடைச்சி பொட்டலத்தைப் பிரித்தாள். கொடி அடுப்படியில் தொடங்கியது, குட்டிகள் படுக்கும் இடத்தைத் தாண்டியது, குகைவாசலில் போய் முடிந்தது. அவள் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு எண்ணினாள். பதினாறு.

"இருபது அடைக் கடனுக்கு முப்பத்திரண்டு. ஏற்கெனவே குடுத்த ஆறோட முப்பத்தெட்டு. பழைய வண்டியும் போச்சு." அவள் குரல் இறங்கியது. "இதுல நாலு முடிச்சு மழைமாசத்துல விழுது. அந்த எட்டு அடையை எதுலேருந்து குடுப்பீங்க?"

மழைக்கால இருபதை சடையன் பார்த்தான். தூங்கும் குட்டிகளைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை சடைச்சி முதலில் அணில் வீட்டுக்குப் போனாள். போன வாரம் அணில் வாங்கியதும் இதே மாதிரிச் சிவப்பு வண்டிதான். விலை இருபத்தாறு அடை என்று தெரிந்துகொண்டாள். பிறகு கணவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். "நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்பது மட்டும்தான் நிபந்தனை.

முடிச்சு அவிழ்க்காத கொடியை அடுத்த சந்தைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது சந்தை வழக்கம். கொடியும் சிவப்பு வண்டியும் கடைக்குத் திரும்பின. கண்ணாயிரம் முடிச்சுப் போட்ட கூலி என்று ஓர் அடையைப் பிடித்துக்கொண்டு, ஐந்தையும் பழைய வண்டியையும் திருப்பிக் கொடுத்தது.

கடைக்கு முன்னால் முள்ளம்பன்றி ஒன்று கிழங்கு போட்டு வைக்கப் பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தது. சடைச்சி அதற்கு ஏழு அடைக்கு விற்றாள்.

"இவன் பத்து குடுத்தானே" என்று சடையன் முணுமுணுத்தான்.

"குடுத்த பத்தைப் புதுசோட விலையில ஏத்திட்டான். சும்மா இருங்க."

அவள் கீரியிடம் திரும்பினாள். "தம்பி, பழசு கிடையாது, தவணை கிடையாது. அந்தச் சிவப்பு வண்டி மொத்தம் எத்தனை அடை?"

கண்ணாயிரம் இளநீரை எடுத்தது. "முதல்ல உக்காருங்க அக்கா..."

"தாகம் இல்ல. அணிலுக்கு இருபத்தாறு. எங்களுக்கு எவ்வளவு?"

கண்ணாயிரத்தின் மீசை தொங்கிப்போனது. "இருபத்தாறு" என்றது.

மிச்சமிருந்த பதினாலு, திரும்பி வந்த ஐந்து, முள்ளம்பன்றி கொடுத்த ஏழு. சரியாக இருபத்தாறையும் சடைச்சி எண்ணி வைத்தாள். ஒரு முடிச்சும் இல்லாமல் வண்டி கைக்கு வந்தது. இன்னும் ஓர் அடையைக் குறைக்கச் சொல்லலாமா என்று சடையனின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான்.

அந்த ஆண்டு மழை நாலு மாதமும் விடாமல் கொட்டியது. குகையில் இருந்த இருபது அடையும் கடனுக்குப் போகாமல் வீட்டுக்கே உதவின. குட்டிகள் ஒருநாள்கூடப் பசியோடு படுக்கவில்லை.

மொத்தமாக எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாதவர், எத்தனை பேரத்தில் ஜெயித்தாலும் தோற்றவரே.