மலையேறி வந்த கிழங்கு

ஓடை ஒன்று குறுக்கே ஓடிய காட்டில், இக்கரையில் ஒரு கரடி தன் குட்டியோடு வாழ்ந்தது. அதன் பக்கம் பலாமரங்கள் நிறைய இருந்தன. ஆனால் பாறை நிலம் என்பதால் கிழங்கு விளையாது.

அக்கரையில் முயல், அணில், முள்ளம்பன்றி எல்லாம் கூட்டாக ஒரு சந்தை நடத்தின. கரடி அங்கே பலாப்பழம் கொடுத்துக் கிழங்கு வாங்கும். மழைக்காலம் முழுவதும் குகைக்குள் அடைந்து கிடக்கும் குட்டிக்கு அந்தக் கிழங்குதான் சாப்பாடு.

சந்தையில் சில வழக்கங்கள் உண்டு. முயல் ஒவ்வொரு கிழங்கின் நுனியையும் கடித்துப் பார்க்கும். கசந்தால் தூர எறிந்துவிடும். அதன் முன்பல் பாதி உடைந்தது. ஆகையால் அந்தக் கடியின் தடம் காட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம், உள்ளே வருகிறவர் யாரானாலும் ஓடையில் பாதங்களைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். சேறு பட்டால் கிழங்கு அழுகிவிடும்.

ஒருநாள் கரடி சேற்றுப் பாதத்தோடு நுழைந்தது.

"கரடியண்ணா, பாதம்!" என்றது முயல்.

"யாரிடம் சொல்கிறாய்? நான் ஒரு மிதி மிதித்தால் உன் சந்தையே இருக்காது!"

"தாராளமாக மிதியுங்கள். கழுவிவிட்டு மிதியுங்கள்" என்றது அணில்.

எல்லாம் சிரித்தன. கரடி பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிவிட்டது.

ஊர் சுற்றும் இருவாச்சிப் பறவை இதைப் பார்த்தது. "உலகம் இந்த ஓடையோடு முடிந்துவிட்டதா, கரடியாரே? மலை உச்சியில் வரையாடுகள் இருக்கின்றன. பலாப்பழ வாசனையே அறியாதவை! கிழங்கைக் கொட்டிக் கொடுக்கும்."

"அப்படிச் சொல்! இனி அக்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்" என்றது கரடி.

காட்டெருமையின் முதுகில் பழங்களை ஏற்றி மலைக்கு அனுப்பியது. நாட்கள் போயின. வானம் கறுக்கத் தொடங்கியது.

"அப்பா, கிழங்கு எங்கே?" என்றது குட்டி.

"மலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது."

"எதுவரைக்கும் வந்திருக்கிறது?"

"பெரிய வியாபாரத்தில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது."

குட்டி ஒரு பலாக்கொட்டையைச் சப்பிக்கொண்டு தூங்கிப்போனது.

முதல் தூறலோடு காட்டெருமை திரும்பி வந்தது. முதுகில் கொஞ்சம் கிழங்குதான் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றது கரடி.

"போகும்போது பசித்தது, பழத்தில் பாதியைத் தின்றேன். வரும்போதும் பசிக்காதா? அங்கே பட்ட பாடு வேறு! குளம்பைக் கழுவு, கொம்பைத் துடை, ஆடு தும்மினால் தள்ளி நில் என்று ஆயிரம் சட்டம்."

கரடி தொண்டையைச் செருமியது. "போகட்டும். வெளியூர்ச் சரக்கு. ருசியே தனியாக இருக்கும்."

ஒரு கிழங்கை எடுத்துக் குட்டியிடம் கொடுத்தது. குட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அப்பா, இதில் முயல் மாமாவின் பல் இருக்கிறது!"

கரடி பிடுங்கிப் பார்த்தது. நுனியில் அதே பாதி உடைந்த பல்லின் தடம்.

"பின்னே? பாறைமேல் வாழ்கிறவர்களுக்குக் கிழங்கு ஏது?" என்றது காட்டெருமை. "அக்கரைச் சந்தையில்தான் வாங்கி வைத்திருந்தார்கள்."

கரடி ஓடையைப் பார்த்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்துவிட்டால் மழைக்காலம் முடியும்வரை கடக்க முடியாது. கையிலிருந்த கிழங்கோ நாலு வேளைக்குக்கூடக் காணாது.

மிச்சமிருந்த பழங்களைச் சுமந்துகொண்டு கரடி ஓடையில் இறங்கியது.

மேலேயிருந்து இருவாச்சி கேட்டது: "தண்ணீரில் நின்று என்ன செய்கிறீர்கள், கரடியாரே?"

"மீன் பார்க்கிறேன்."

"பாதத்தைத் தேய்த்துத் தேய்த்தா?"

கரடி அக்கரையில் ஏறி, ஒவ்வொரு பாதமாக முயலிடம் தூக்கிக் காட்டியது. முயல் விரலிடுக்கைக்கூட விடாமல் பார்த்தது.

"கொம்பு ஏதும் துடைக்க வேண்டியதில்லையே?" என்று கரடி மெல்லக் கேட்டது.

"உங்களுக்குத்தான் கொம்பே இல்லையே, அண்ணா!" என்றது முயல், கிழங்குக் குவியலை அதன் பக்கம் தள்ளியபடி.

நீதி: தூரத்து நட்பு நல்லதுதான், ஆனால் அடுத்த கரையோடு உள்ள கொடுக்கல் வாங்கலுக்கு அது ஈடாகாது.