ராணி குளிக்காத கிணறு

கண்டல்தீவுக்கு முதன்முதலாகச் சுற்றுலாப் படகு வருகிறது என்றதும் ஊரே இறங்குதுறைக்கு ஓடிவந்துவிட்டது. வருகிறவர்களுக்குத் தீவு பிடித்துப்போனால் படகு நாள்தோறும் ஓடும். இல்லாவிட்டால் பழையபடி ஊர்ப்படகு கிழமைக்கு இரண்டு தரம் வருவதுதான்.

தீவைச் சுற்றிக் காட்டப் பழக்குகிறவள் றெஜினா. முப்பது வயது. அவளிடம் அந்தத் தொழிலைப் பழகுகிறவர் அருளப்பு, ஓய்வுபெற்ற தபாலதிபர். அறுபத்திரண்டு வயது. இன்று அவர்தான் பேசவேண்டும். சட்டை அதற்குள் வியர்வையில் நனைந்துவிட்டது.

"டீச்சர், ஒரு கேள்வி. எங்கடை கிணத்தை வெட்டினது ஆரெண்டு தெரியாது. எந்தக் காலமெண்டும் தெரியாது. அதைச் சொன்னால் ஆர் நிண்டு கேப்பினம்? ஒரு ராணி குளிச்ச கிணறு எண்டு சொன்னால் என்ன?"

றெஜினா வாய் திறக்குமுன் படகு ஊதியது. கூட்டம் இருவரையும் தள்ளிக்கொண்டு போனது.

கிணறு கடலிலிருந்து இருபது அடியில் இருந்தது. முருகைக்கல்லை, அந்தப் பவளப் பாறையை, வெட்டி இறக்கிய படிகள். அருளப்பு தன் கதையில் ராணியைப் பல்லக்கில் கொண்டுவந்து இறக்கினார். கைதட்டல் எழுந்தது.

"ராணியின்ரை பேர் என்ன?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"செண்பகவல்லி."

அது அவருடைய பசுவின் பெயர்.

"அப்ப நாங்களும் குளிப்பம்!" என்றது ஒரு குரல். ஆறேழு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் முதல் படியில் காலை வைத்தார்.

"ஐயோ, இறங்காதேங்கோ!" குடத்தோடு நின்ற ஒரு பெண் கத்தினாள். "நாங்கள் குடிக்கிற தண்ணி!"

எல்லோரும் அருளப்புவைப் பார்த்தார்கள். அவர் றெஜினாவைப் பார்த்தார்.

றெஜினா முன்னால் வந்தாள். "ராணி ஒருத்தியும் வரேல்லை. அது நாங்கள் விட்ட பிழை. எல்லாரும் ஒருக்காக் கடல் தண்ணியை நாக்கிலை வைச்சுப் பாருங்கோ."

வைத்தார்கள். துப்பினார்கள். சிரித்தார்கள். அவள் குடத்தை வாங்கி ஒவ்வொரு கையிலும் கிணற்று நீரை ஊற்றினாள்.

"இனிக்குது!"

நீர் தொடும் படியின் விளிம்பில் ஒரு சிப்பியை வைத்தாள். "கடல் ஏறுற நேரம் இது. பாத்துக்கொண்டிருங்கோ."

சுற்றி அமர்ந்தார்கள். வெளியே கடல் ஏறியது. உள்ளே நீர் மெல்லச் சிப்பியைத் தொட்டது. பிறகு மூடியது. மறுபடி அள்ளிக் கொடுத்தாள்.

"இப்பவும் இனிக்குது!" சிறுமி துள்ளினாள்.

"எப்படி? எப்படி?"

"மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது. கடல் ஏறேக்கை அதையும் தூக்குது."

"இதை ஆர் கண்டுபிடிச்சது?"

"தெரியாது."

ஒருவரும் எழுந்து போகவில்லை. சிறுமி குப்புறப் படுத்துக் கல்லில் இருந்த உளித் தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தாள். படகு மூன்று தரம் ஊதவேண்டியிருந்தது.

"நாளைக்கும் வாறம்!" புறப்படும்போது படகோட்டி கத்தினான். இறங்குதுறை முழுவதும் கூவியது.

அருளப்பு மட்டும் கூவவில்லை.

"தெரியாதெண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையோ, டீச்சர்?"

"கிணத்தை வெட்டினவை ஒரு கல்லிலைகூடத் தங்கடை பேரை எழுதேல்லை, போஸ்மாஸ்டர்," என்றாள் றெஜினா. "தண்ணியைக் கண்டதும் குடம் எடுக்க ஓடியிருப்பினம்."